காற்று நுழையும் வழி

மேற்கே மலைத்தொடர் ஓரிடத்தில் ஒதுங்கிக்கொண்டு காற்றுக்கு வழி விட்டிருக்கிறது. ஆனி பிறந்தால் அந்த வழியாகப் பாலக்காட்டுக் காற்று இறங்கிவிடும். அதன்பின் இரண்டு மாதம் பொள்ளாச்சிக்காரர்கள் முழுக்கத் தூங்குவதும் இல்லை, முழுக்க விழித்திருப்பதும் இல்லை. பேச ஆரம்பித்ததைப் பாதியில் விட்டுவிட்டுத் தென்னந்தோப்பைப் பார்த்தபடி நிற்பார்கள்.

ஆழியாறு போகும் சாலையில், அந்தக் காற்றுக்கு நேர் எதிரே, ஒரு தகரக் கொட்டகை இருந்தது. வஞ்சிக்கொடியின் பட்டறை. அவள் இன்ஜினைப் பிரிக்க மாட்டாள். பிரேக்கைத் தொட மாட்டாள். காருக்குள் காற்று போகும் வழி ஒன்றுதான் அவள் வேலை. தூசியை நிறுத்தும் ஃபில்டர், அதிலிருந்து இன்ஜினுக்குப் போகும் பைப், அதன் வாய் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்ற கணக்கு. குளிர்ந்த காற்றை வெளியிலிருந்து இழுத்துக் கொடுக்கும் அந்தச் சாமானை கோல்ட் ஏர் இன்டேக் என்று பெட்டியில் அச்சடித்து விற்கிறார்கள். அவள் அதை மூக்கு என்பாள்.

வயது முப்பத்தைந்து. அவளுக்கு ஒரே ஒரு சிஷ்யர். அவருக்கு வயது அறுபத்தொன்று.

சிஷ்யர் பெயர் நாச்சிமுத்து. முப்பத்துமூன்று வருடம் கணக்கு வாத்தியார், அதில் கடைசி ஒன்பது வருடம் தலைமையாசிரியர். பிறரைக் கேள்வி கேட்டே பழகிய மனிதர். பதில் தெரியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்பது ஓய்வு பெற்றபின்தான் அவருக்குத் தெரிய வந்தது.

அவர் பட்டறைக்கு வந்த கதை இப்படி.

அவருடைய தம்பி திருமூர்த்தி ஒரு கார்ப் பைத்தியம். பச்சை நிறக் கார் ஒன்று வைத்திருந்தான். அதற்குத் தானே ஒரு மூக்கு வாங்கி மாட்டினான். ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் உஸ்ஸென்று தெருவே திரும்பிப் பார்க்கும். “பள்ளிக்கூடத்துப் பக்கம் இந்தச் சத்தத்தோட வராதே” என்று அண்ணன் ஒருநாள் கத்தினார். தம்பி அதன்பின் அந்தப் பக்கம் வரவில்லை. ஊர் ஊராகச் சுற்றினான். வா அண்ணா, ஒரு தடவை ஏறி உட்காரு என்று எத்தனையோ முறை கூப்பிட்டான். பரீட்சை இருக்கிறது, இன்ஸ்பெக்ஷன் இருக்கிறது என்று இவர் தட்டிக் கழித்தார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு விடிகாலையில் திருமூர்த்தி தூக்கத்திலேயே போய்விட்டான்.

கார் அண்ணன் வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் நின்றது. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓட விடுவார். அந்த ஐந்து நிமிடமும் பக்கத்திலேயே நிற்பார்.

திருமூர்த்தியின் மகள் மதுமிதா மலைமேல் வால்பாறையில் ஓர் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளுக்கு ஆவணியில் கல்யாணம், பொள்ளாச்சியில் மண்டபம். போனில் சொன்னாள்:

“பெரியப்பா, கல்யாணத்துக்கு நான் அப்பா கார்லதான் மலை இறங்குவேன். நீங்க மேல கொண்டு வாங்க.”

“அது ரோட்டுல ஓடி ரெண்டு வருசமாச்சு கண்ணு.”

“வராதுன்னா யாருக்காச்சும் குடுத்துருங்க. கொட்டாய்ல பொணம் மாதிரி அது நிக்கறத என்னால பாக்க முடியல.”

அடுத்த நாளே ஓட்டிப் பார்த்தார். வால்பாறை மலைப்பாதையின் நாற்பது வளைவில் ஒன்பதாவது வளைவில் கார் மூச்சு முட்டி நின்றது. பின்னால் வந்த லாரிக்காரன் இறங்கி வந்து பார்த்துவிட்டு, வஞ்சிக்கொடியின் பட்டறைக்கு வழி சொன்னான்.

காரை மெல்ல மலை இறக்கிப் பட்டறை வாசலில் நிறுத்தினார். வஞ்சிக்கொடி வந்து பானெட்டில் கை வைத்தாள். நாச்சிமுத்து குறுக்கே வந்து நின்றார்.

“தொடாதீங்க அம்மிணி.”

“தொடாம எப்படீங்ணா பாக்கறது?”

“என்ற தம்பி கை பட்ட வண்டி. வேற கை படக்கூடாது.”

அவள் கையை எடுத்துக்கொண்டாள். கோபிக்கவில்லை.

“அப்ப நீங்களே கத்துக்கங்க” என்றாள். “காலைல எட்டு மணிக்கு வந்துருங்க.”

காரை அவர் மெல்ல வீட்டுக்கு ஓட்டிப் போனார். அப்படித்தான் சிஷ்யர் ஆனார்.

முதல் நாள் புது நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். தலைப்பு எழுதி, அடிக்கோடு போட்டு, ஓரம் மடித்து வைத்திருந்தார். சுவரில் மூன்று விதமான மூக்குகள் தொங்கின. பளபளக்கும் கூம்பு ஃபில்டர் வைத்த குட்டைப் பைப் ஒன்று. பம்பர் வரைக்கும் இறங்கும் நீளப் பைப் ஒன்று. மூடிய பெட்டிக்குள் ஃபில்டர் இருக்கும் ஒன்று.

“இதுல எது நல்லதுங்க அம்மிணி?”

“உங்களுக்கு எது புடிச்சிருக்குது?”

அவர் குட்டைப் பைப்பைக் காட்டினார். தம்பி மாட்டியிருந்தது அந்த மாதிரிதான்.

வஞ்சிக்கொடி அவரைப் பக்கத்து டீக்கடைக்குக் கூட்டிப் போனாள். பாய்லருக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற சந்து இருந்தது. அதில் அவரை நிறுத்தினாள்.

“பதினாறாம் வாய்ப்பாடு சொல்லுங்ணா. சத்தமா.”

டீ குடிக்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் அவரிடமே படித்தவர்கள். அவர்களுக்கு இதைவிட நல்ல காலை வாய்த்திருக்காது. நாச்சிமுத்து ஆரம்பித்தார். ஆறாவது வரியில் வேர்த்தது. ஏழாவது வரியில் இருமல் வந்து நிறுத்திவிட்டார்.

அவள் அவரைச் சாலைக்கு அந்தப் பக்கம், வாய்க்கால் பாலத்துக்குக் கூட்டிப் போனாள். அங்கே காற்று வேட்டியைப் பறிக்கப் பார்த்தது.

“இப்பச் சொல்லுங்க.”

சொன்னார். பதினாறு முடிந்தது. பதினேழு வந்தது, பதினெட்டு வந்தது. தூரத்தில் மேகம் மலையின் மடியில் படுத்துக் கிடந்தது. சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பதே அவருக்கு மறந்துபோய், குரல் மட்டும் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பத்தொன்பதாம் வாய்ப்பாட்டின் நடுவில்தான் அவருக்கு நினைவு வந்தது. பக்கத்தில் அவள் இல்லை. பட்டறைக்குப் போய் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் திரும்பி வந்து நோட்டைத் திறந்தார்.

“என்னங்க எழுதிக்கறது?”

“வாய்ப்பாடு சொன்னது யாருங்ணா?”

“நான்தானுங்க.”

“ரெண்டு எடத்துலயும்?”

“ரெண்டு எடத்துலயும் நான்தான்.”

“அப்ப எதுக்கு அங்க நின்னுது, இங்க ஓடுச்சு?”

நாச்சிமுத்து நோட்டை மூடினார். குட்டைப் பைப் அழகாக இருந்தது. ஆனால் அது இன்ஜினின் சூட்டுக்குள்ளேயே நின்று, அந்தச் சூட்டையே இழுத்துக் குடிக்கிறது. இத்தனை சத்தமும் அதற்குத்தானா என்று நினைத்தபோது தம்பிமேல் அவருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மறுநாள் காலை அவர் உற்சாகமாக வந்தார். வாத்தியாருக்கு விடை தெரிந்துவிட்டது.

“நீளப் பைப்புங்க அம்மிணி. வாய் கீழ, பம்பர்கிட்ட. குளுந்த காத்து அங்கதான்.”

“ஆமாங்ணா.”

“அதானுங்க நல்லது?”

வஞ்சிக்கொடி ஒரு கிளாம்ப்பை முறுக்கிக்கொண்டே சொன்னாள். “காடம்பாறையில ஒருத்தர் இருந்தாருங்க. இருக்கறதுலயே குளுந்த காத்து வேணும்னு வாயைத் தரையோட தரையா எறக்கிட்டாரு. வண்டி பறந்துது. ஐப்பசி மழையில ரோட்டுல முழங்கால் தண்ணி. எல்லா வண்டியும் மெதுவாத் தாண்டுச்சு. இவரு வண்டியும் தாண்டுச்சு, பாதி வரைக்கும்.”

“பொறவு?”

“மூக்கு தண்ணியக் குடிச்சுது. இன்ஜின் ஒரே மடக்குல முடிஞ்சுது.”

நாச்சிமுத்து சுவரில் தொங்கிய நீளப் பைப்பை ஏறிட்டுப் பார்த்தார். தகரக் கூரை காற்றில் முனகிக்கொண்டிருந்தது.

“மேல வெச்சாச் சூடு. கீழ வெச்சாத் தண்ணி. எங்கதாங்க வெக்கறது?”

“வெயிலும் மழையும் மாறி மாறி வருது, பஸ்ஸுக்கு நிக்கறீங்க. வெயிலும் ஆகாது, சாரலும் ஆகாது. எங்க நிப்பீங்க?”

“ஏதாச்சும் ஒரு கடையோரம் ஒதுங்கி நிப்பனுங்க.”

“அதுக்கும் ஒரு கடையோரம் தேடுங்க. வண்டிக்கு வண்டி அது வேற வேற எடத்துல இருக்கும்.”

பத்து நாள் அவர் தேடினார். வந்த கார்களின் பானெட்டைத் திறந்து, இன்ஜின் ஓடும்போது உள்ளே கையை நீட்டி நீட்டிப் பார்த்தார். ஒரு காரில் ஹெட்லைட்டுக்குப் பின்னால் கைக்குக் குளிர்ச்சி தட்டியது. இன்னொன்றில் ரேடியேட்டருக்கு மேலே, கிரில்லை ஒட்டி. பார்க்க அது பெரிய தியானம் மாதிரி இருந்தது. வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு காருக்குள் கையை விட்டு நிற்கிறார் என்று ஊரில் பேச்சு எழுந்தது. அவர் சம்சாரம் கோயிலில் ஓர் அர்ச்சனை செய்தார்.

கழுவுவதையும் கற்றுக்கொண்டார். பஞ்சுத் துணியாலான ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். உள்ளேயிருந்து வெளியே மெல்லத் தண்ணீர் விட வேண்டும். வெளியேயிருந்து விட்டால் அழுக்கு உள்ளே ஏறிவிடும். பிழியக் கூடாது. கம்ப்ரஸர் காற்றைக் காட்டக் கூடாது. நிழலில், தன்போக்கில் காய வேண்டும். காய்ந்தபின் அதற்கென்றுள்ள எண்ணெயை மடிப்பு மடிப்பாக, கொஞ்சமாகத் தடவ வேண்டும்.

இந்தக் கொஞ்சத்தில்தான் வாத்தியார் மாட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற ஊர் அது. எண்ணெய் விஷயத்தில் அங்கே யாருக்கும் கொஞ்சம் என்பது தெரியாது. டாக்ஸி ஓட்டும் சையது பாயின் ஃபில்டரை நாச்சிமுத்து உச்சியிலிருந்து அடி வரை, பேரனுக்குத் தேய்ப்பது போல, உள்ளங்கை நிறைய ஊற்றித் தேய்த்து மாட்டி அனுப்பினார். மூன்றாம் நாள் சையது பாய் வந்தார்.

“என்ன வாத்தியாரே, வண்டிக்கு விக்கல் எடுக்குதே! குலுங்கிக் குலுங்கி நிக்குது!”

வஞ்சிக்கொடி பைப்பைக் கழற்றி உள்ளே காட்டினாள். உள்ளே வரும் காற்றை அளந்து சொல்லும் சென்சார் ஒன்று அங்கே இருந்தது, தலைமயிரைவிட மெல்லிய கம்பியோடு. அதன்மேல் எண்ணெய் படிந்திருந்தது.

“யாருங்ணா எண்ணெ தேச்சது?”

“நான்தானுங்க. ஒரு கொறையும் வெக்காமத் தேச்சனுங்க. தூசி ஒரு பொட்டு உள்ள போகக்கூடாதுன்னு.”

“தூசி போகல. எண்ணெ போயிருச்சு.”

அவள் ஸ்பிரே அடித்துக் கம்பியைச் சுத்தம் செய்தாள். நாச்சிமுத்துவுக்கு முகம் சுண்டிவிட்டது. முப்பத்துமூன்று வருடத்தில் எத்தனை பையன்களின் விடைத்தாளில் சிவப்பு மையால் கோடு போட்டிருப்பார். அந்தக் கோடு இப்போது அவர் மேலேயே விழுந்தது.

“நல்லதுக்குத்தானுங்க பண்ணேன்.”

“ஆமாங்ணா” என்றாள் வஞ்சிக்கொடி. “வண்டிக்கு அது தெரியறதில்ல.”

ஆடி முடிந்தது. காற்று தணிந்து, மலையில் மேகம் மட்டும் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்துவின் கை இப்போது சரியான அளவில் எண்ணெய் தடவியது. கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, பச்சைக் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து பட்டறைக்குள் நிறுத்தினார். பானெட்டை அவரே திறந்தார். வஞ்சிக்கொடி இரண்டடி தள்ளி நின்றாள்.

அவர் கையை நீட்டிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

“தம்பி மாட்டினத எடுக்க வேண்டாமுங்க. சுத்தி ஒரு தகரத் தடுப்பு வெச்சுட்டா சூடு வராது. ஹெட்லைட்டுக்குப் பின்னால இருந்து ஒரு வழி விட்டாப் போதும். அங்க தண்ணியும் எட்டாது.”

“அதேதாங்ணா.”

குரு சிஷ்யரைப் பாராட்டிய ஒரே சந்தர்ப்பம் அது. தடுப்பை அவரே வெட்டினார், வளைத்தார், பொருத்தினார். வேறு கை படவில்லை. அதற்கு இரண்டு நாள் ஆனது.

பிறகு ஃபில்டரைக் கழற்றினார். கழற்றியவர் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அது கறுப்பும் செம்மண்ணுமாக அப்பிக் கிடந்தது. திருமூர்த்தி ஒருநாளும் அதைக் கழுவியதில்லை. மடிப்பில் ஒரு காய்ந்த வேப்பம்பூ இருந்தது. ஒரு சின்னப் பூச்சியின் இறகு இருந்தது.

வஞ்சிக்கொடி சோப்புத் தண்ணீர் பக்கெட்டைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். அவர் தொடவில்லை.

சாயங்காலம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். மறுநாளும் வந்து உட்கார்ந்தார். பக்கெட்டில் நுரை அடங்கித் தண்ணீர் தெளிந்துவிட்டது. மலையிலிருந்து மதுமிதா போன் செய்தாள்.

“பெரியப்பா, நாளன்னைக்குக் காலைல வந்துருவீங்கல்ல?”

“பாக்கறேன் கண்ணு.”

“அப்பா கார் வருமா, வராதா?”

அவர் போனை வைத்துவிட்டார். காய்வதற்கு ஒரு நாள் முழுக்க வேண்டும். இன்றைக்குக் கழுவவில்லை என்றால் கார் மலை ஏறாது. அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

“புதுசு ஒண்ணு மாட்டிக்கங்ணா” என்றாள் வஞ்சிக்கொடி. “இது வீட்டுல இருக்கட்டும்.”

“வேற மூக்கு வெச்சா அது அவன் வண்டி இல்லீங்களே.”

“அப்பக் கழுவுங்க.”

“அது முடியாதுங்க.”

“கழுவாம மாட்டுனா ஒம்பதாவது வளைவு.”

“தெரியுமுங்க.”

அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். வெளியே மழை வருவது போல இருட்டிக்கொண்டு, பின் மனசு மாறி வெளுத்தது. ஒரு காலிப் பேருந்து மலையிலிருந்து இறங்கிப் போனது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் நாச்சிமுத்து வாய் திறந்தார்.

“அம்மிணி, அவன் போன ரோடு பூரா இதுலதான் இருக்குது. உடுமலை இருக்குது, பழனி இருக்குது, எங்கெங்கயோ இருக்குது. கூப்புட்டான். நான் ஒண்ணுலயும் கூடப் போகல. இத இந்தத் தண்ணில உட்டுட்டா, அவன்ல மிச்சம் இருக்கறதும் போயிருமுங்களே?”

வஞ்சிக்கொடி கையை நீட்டினாள். வேறு கை படக்கூடாது என்றவர், முதல்முறையாக அதை அவள் கையில் கொடுத்தார்.

அவள் கூம்பைத் திருப்பி, இன்ஜின் பக்கம் பார்க்கும் வாயை அவருக்கு நேராகப் பிடித்தாள்.

“வெரல உள்ள விடுங்ணா.”

விட்டார். சுற்றிலும் தடவினார். வெளியே எடுத்துப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

“உள்ள என்னங்ணா இருக்குது?”

“ஒண்ணுமில்லீங்க. சுத்தமா இருக்குது.”

அவள் ஃபில்டரைத் திரும்ப அவர் மடியில் வைத்தாள்.

“வெளிய ஒட்டிக் கெடக்கறது பூரா தம்பி வேண்டாம்னு நிறுத்துனதுங்ணா. அவரு எடுத்துக்கிட்டது காத்து. அது மலைமேல இருக்குது. நீங்களும் போய் எடுத்துக்கங்க.”

நாச்சிமுத்து தன் விரலை இன்னொரு முறை பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பக்கெட்டைத் தன் பக்கம் இழுத்தார்.